எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி

அத்தான் இறந்துகொண்டிருந்த நேரத்தில் அந்தக் கட்டடத்தில் குடியிருப்பவர்கள் அவர்மேல் புகார் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். லிஃப்ட்டைப் பார்க்க வந்த ஆள் மெயினை அணைத்துவிட்டு எங்கோ தொலைந்துவிட்டான், காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு ஏழு மாடி ஏறவேண்டியிருக்கிறது என்று ஒரு அம்மா கம்பெனிக்கே போன் போட்டுக் கத்தியிருக்கிறார். அத்தான் எங்கும் தொலையவில்லை. மொட்டை மாடிக்கு மேலே உள்ள மோட்டார் ரூமில், சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கருவிப் பை ஜிப் போட்டபடி பக்கத்தில் இருந்தது.

இதையெல்லாம் அக்காவுக்கும் எனக்கும் சொன்னவர் அத்தானின் பார்ட்னர். லிஃப்ட் வேலையில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே மோட்டார் பக்கம், ஒருவர் கீழே குழியில். எத்தனையோ வருடங்களாக அத்தான் மேலே, அவர் கீழே. அன்றைக்கும் அப்படித்தான்.

"ஆஃப் பண்ணிட்டேன், நீ இறங்கு, நான் கொஞ்சம் உட்கார்றேன்னு போன்ல சொன்னாருங்க. அவ்வளவுதான் பேசுனது. உட்கார்றேன்னு அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்."

பார்ட்னர் இதைச் சொல்லும்போது அக்கா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அத்தானின் போனும், கழுத்தில் அவர் மாட்டியிருக்கும் கயிறும், கயிற்றின் நுனியில் அந்தச் சாவியும் இருந்தன. போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

அந்தச் சாவியால்தான் கம்பெனியில் அத்தானுக்கு முக்கோணம் என்று பெயர். லிஃப்ட்டின் வெளிக் கதவில், மேல் ஓரமாக, மூன்று மூலை கொண்ட சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால் அதில் இந்தச் சாவியை விட்டுத் திருப்பித்தான் கதவைத் திறப்பார்கள். அத்தான் பார்க்கிற கட்டடங்கள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சாவி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைக்குள் அது தொங்கும். கழற்றி வையுங்கள் என்றால், "போற இடத்துல லிஃப்ட் நின்னுட்டா உங்க அக்காவா இழுத்து விடுவா?" என்பார்.

அவருக்கு லிஃப்ட்டைத் தவிர வேறு எதையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆனால் போன், கம்ப்யூட்டர், டிவி என்று கரண்டில் ஓடும் எதைப் பற்றியும் அவரிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அந்தத் தீர்ப்பு சுற்றிச் சுற்றி லிஃப்ட்டில்தான் போய் நிற்கும்.

ஒருமுறை என் போன் இழுத்து இழுத்து வேலை செய்தது. "ஒரு க்ளீனர் ஆப் போட்டுக்கட்டுமா அத்தான்?" என்று கேட்டேன்.

"லிஃப்ட்டுக்குள்ள கதவு மூடுற பட்டன் இருக்குல்ல?"

"ஆமா."

"நான் பார்க்கிற கட்டடத்துல பாதிக்கு மேல அதுக்கு ஒயரே கிடையாது. உங்க மன ஆறுதலுக்கு வச்சிருக்கு. உன் க்ளீனர் ஆப்பும் அந்த ஜாதிதான்."

"அப்போ இத்தனை வருஷமா நான் அமுக்கினது?"

"விரலுக்கு நல்லது."

முகத்தைக் காட்டித் திறக்கும் போன் வந்த புதிதில் அவர் அதை நம்பவே இல்லை. "காலைல எந்திரிச்சா என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியல. உங்க அக்கா பயந்துக்கிறா. இது எப்படிக் கண்டுபிடிக்கும்?" என்றார். சமையலறையிலிருந்து அக்கா, "அது மெஷின். அதுக்குப் பயம் கிடையாது," என்றாள்.

அப்டேட் வந்திருக்கிறது என்று போன் கெஞ்சினாலும் போட விடமாட்டார். ஊரில் நாலு பேர் போட்டு, அவர்கள் சிரித்தார்களா அழுதார்களா என்று தெரிந்த பிறகுதான் நாங்கள் போடவேண்டும். ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்ட்டை எவனாவது பிரிப்பானா என்பது அவர் கேள்வி. திரையில் ஒன்றையே திரும்பத் திரும்பத் தட்டினால் அவருக்குக் கோபம் வரும். "ஒரு தடவை அமுக்கினா போதும். லிஃப்ட்டுக்குக் காது கேட்கும்," என்பார். சொன்னதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். வீட்டு வைஃபை பெட்டிக்கும் ஓய்வு வேண்டும் என்று ஒருநாள் அதை அணைத்துவைத்தார். அன்றைக்கு அக்கா வீட்டில் உட்கார்ந்து ஆன்லைனில் ஆபீஸ் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்த நான் பாதி வாக்கியத்தில் மறைந்துபோனேன். என் மேலதிகாரி அதை இன்னும் மறக்கவில்லை.

எந்த லிஃப்ட்டில் ஏறினாலும், "கதவுகள் மூடுகின்றன" என்று அந்தப் பெண் குரல் சொன்னதும் அத்தான் பதில் சொல்லுவார். "மூடும்மா, யார் வேணாம்னா." பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அக்கா தனக்கும் இந்த ஆளுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல மாடி எண்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

லிஃப்ட்டில் பேசும் பெண்ணுக்குக் கிடைக்கும் அந்த அன்பு போனில் பேசும் பெண்ணுக்குக் கிடைக்காது. "ஏய், அலாரம் வை. ஏய், டார்ச் போடு." அவ்வளவுதான்.

அப்பா இதற்கு நேர் எதிர். பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா வீட்டில்தான் இருக்கிறார். சின்ன எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு எழுத அவருக்குக் கண் ஒத்துழைக்கவில்லை. மைக் படத்தை அழுத்திப் பேசச் சொல்லிக்கொடுத்தவர் அத்தான்தான். அப்பா போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வணக்கம்மா. இன்னிக்கு மழை வருமாம்மா?" என்று கேட்பார்.

"மாமா, அதுக்கு எதுக்கு வணக்கம்? மழைன்னு ஒரு வார்த்தை சொன்னாலே பதில் வரும்."

"பதில் சொல்றது ஒரு பொம்பளப் பிள்ளை குரல், மாப்பிள்ளை. அதட்டிக் கேட்கச் சொல்றீங்களா?"

"அது மெஷின் மாமா."

"அது மெஷினாவே இருக்கட்டும். நம்ம வாய் நம்ம வாய்தானே?"

இதற்கு அத்தானிடம் லிஃப்ட்டிலிருந்து பதில் எதுவும் இருக்கவில்லை.

எங்கள் எல்லோருடைய போனையும் முதன்முதலில் திறந்து தயார் செய்து கொடுத்தது அத்தான். என் பெயரில் தனியாக ஒரு அக்கவுண்ட் தொடங்கச் சொன்னபோது சட்டைக்குள்ளிருந்து சாவியை வெளியே எடுத்துக் காட்டினார். "இத்தனை கட்டடத்துக்கு இது ஒண்ணு போதுது. நாலு பேர் வீட்டுக்கு நாலு அக்கவுண்ட் எதுக்கு? நீ பாஸ்வேர்டை மறப்ப, அப்புறம் என் முன்னாடிதான் வந்து நிப்ப." அப்படி அக்கா, அப்பா, நான், அவர் என்று நாலு போனும் அவருடைய ஒரே அக்கவுண்ட்டில் ஓடின. என் போனில் ஆபீஸ் நம்பர்களுக்கு நடுவே 'கிரீஸ் கடை', 'ஏழாவது மாடி கத்துற அம்மா' எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டன. நம்பர்கள் கலப்பது எங்களுக்குத் தெரியும். அதை வைத்துக் கேலி செய்திருக்கிறோம். வேறு என்னவெல்லாம் கலக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

அத்தானுக்கு மாரடைப்பு என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். தலைவலி என்றுகூடப் படுக்காத மனிதர். நாங்கள் அதை நம்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போனார்கள். வீட்டில் மூன்று பேர் மூன்று மூலையில் இருந்தோம். அக்கா அழவில்லை. அப்பா ஜன்னல் பக்கத்து நாற்காலியில், வலது கையால் இடது தோளைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருப்பார். துக்கம் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு மாதிரி உட்காரவைக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தானின் போனுக்கு அழைப்புகள் வந்துகொண்டே இருந்ததால் அக்கா அதைக் கையோடு வைத்திருந்தாள். ஒருநாள் காலை, அவருடைய படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட ஒரு கடை தேடலாம் என்று அந்தப் போனில் தேடும் கட்டத்தைத் தொட்டிருக்கிறாள். எழுதுவதற்கு முன்பே, ஏற்கனவே தேடியவை அடியில் வரிசையாக இறங்கியிருக்கின்றன. எனக்குப் போன் செய்து, "வா," என்றாள்.

நான் போனபோது போன் மேஜையில் இருந்தது. அவள் அதைத் தொடாமல் விரலால் காட்டினாள். பாட்டரி விலைக்கும் ஏதோ ஒரு பாட்டுக்கும் நடுவே ஒரு வரி. கட்டத்தில் இடம் போதாமல் பாதியில் அறுந்து, மூன்று புள்ளிகளோடு நின்றது.

'இடது தோளில் வலி நெஞ்சு வரைக்கும் வந்தா…'

குனிந்து இன்னொரு முறை படித்தேன்.

"எப்போ தேடினதுக்கா?"

"எப்போன்னு போடலை. உயிரோட இருக்கும்போதுதான்டி தேடியிருக்கணும்."

அக்கா ஒரு பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள். நாள் முழுக்க அடுத்தவர் வலியைப் பார்ப்பதுதான் வேலை. "யார் யாரோ வந்து வாயைத் திறந்து காட்டி, வலிக்குமா வலிக்குமான்னு என்னைக் கேட்கிறாங்க. என் வீட்டு மனுஷன் போன்கிட்ட கேட்டிருக்கார். என்கிட்ட கேட்கலை. தெரிஞ்சிருக்குடி அவருக்கு. தெரிஞ்சே காலைல டிபன் பாக்ஸைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்கார்."

அதற்குப் பிறகு அவள் அத்தானைப் பற்றிப் பேசவில்லை. பேசினாலும் கடையில் ஏமாற்றியவனைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது. படத்துக்குச் சட்டம் போடவில்லை. பார்ட்னர் கம்பெனி லாக்கரிலிருந்த அத்தானின் சட்டையையும் செருப்பையும் கொண்டுவந்து கொடுத்தபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"உங்ககிட்டயாவது சொன்னாரா?"

"என்னதுங்க?"

"நெஞ்சு வலின்னு."

"சத்தியமா இல்லீங்க. அன்னிக்குக்கூட ஏழாவது மாடி அம்மா குரலை நடிச்சுக் காட்டிட்டுத்தான் மேல போனாரு."

"நல்லா நடிப்பாருதான்," என்றாள் அக்கா.

பார்ட்னர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா அந்தப் போனை என் மடியில் வைத்தாள். "அழிச்சிடு. நம்பரை மட்டும் எடுத்து எழுதிக்கோ. அந்த அக்கவுண்ட்டே இருக்கக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அந்த வரி கண்ணுல படுது."

அழிப்பது சுலபம் இல்லை. பாஸ்வேர்டு கேட்டது, எங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிறகு, எதையெல்லாம் இழக்கப்போகிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள் என்றது. படங்கள் இருந்தன. தேடிய வரலாறு என்று ஒன்று இருந்தது. அதைத் திறந்தேன்.

முதலில் கண்ணில் பட்டது 'ராஜினாமா கடிதம் மரியாதையாக எழுதுவது எப்படி'.

அது நான் தேடியது. என் போனில், என் ஆபீஸில், கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேடியது. அதற்குக் கீழே 'ராத்திரியில் பால் குடித்தால் எடை கூடுமா'. அதுவும் நான்தான். உடம்பில் துணியே இல்லாத மாதிரி இருந்தது. போனைச் சட்டென்று கவிழ்த்தேன்.

"என்னடி?"

"நான் தேடினதெல்லாம் இதுல இருக்கு."

"அவர் போன்லயா?"

"அவர் போன்ல. உன்னுதும் இருக்கு. 'கணவர் குறட்டையை நிறுத்த எளிய வழி'ன்னு ஆறு தடவை தேடியிருக்க."

அக்கா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இதை அவர் படிச்சிருப்பாரா?" என்றாள்.

தெரியவில்லை. படித்திருந்தால் சும்மா இருந்திருக்கமாட்டார், பட்டப்பெயர் வைத்தே கொன்றிருப்பார். எனக்கு வந்த அதே யோசனை அவளுக்கும் வந்திருக்கவேண்டும். சட்டென்று தலையை நிமிர்த்தினாள்.

"அப்போ அந்த வரி?"

நாங்கள் கீழே நகர்த்திக்கொண்டே போனோம். 'பாட்டரி விலை' அத்தான். 'பல் ஈறு வீக்கம்' அக்கா. நடுநடுவே 'வணக்கம்மா இன்னைக்கு மழை வருமாம்மா'. மறுபடி மழை. மறுபடி வணக்கம். அப்புறம் அந்த வரி வந்தது. தேதி போட்டிருந்தது; அத்தான் போவதற்கு முந்தின வாரம். இங்கே அது அறுபடாமல் முழுதாக இருந்தது.

'இடது தோளில் வலி நெஞ்சு வரைக்கும் வந்தா அதுக்கு என்னம்மா அர்த்தம் பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையேம்மா'

அக்கா அதைச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்து, முதல் 'அம்மா'விலேயே நிறுத்திவிட்டாள்.

நாங்கள் இருந்த இடத்திலிருந்தே அப்பா தெரிந்தார். ஜன்னல் பக்கத்து நாற்காலி. வலது கை இடது தோளில்.

நான் எழுந்து போனேன். "அப்பா, தோள் வலிக்குதா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"அந்தப் பிள்ளை சொல்லிடுச்சா?" என்றார்.

"எவ்வளவு நாளா அப்பா?"

"மாப்பிள்ளை இருக்கும்போதே. டாக்டரை உடனே பாருங்கன்னுதான் அது சொல்லிச்சு. குறை சொல்லமுடியாது. வர்ற வாரம் மாப்பிள்ளைக்கு லீவு, அவரோட போய்க்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள அவரைக் கொண்டுவந்து இந்த வாசல்ல இறக்குனாங்க." தோளிலிருந்த கையை எடுத்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டார். "எனக்கு வந்தது வழி தவறி அவருக்குப் போயிடுச்சும்மா. அதுக்கப்புறம் எனக்கு வலிக்குதுன்னு எந்த மூஞ்சியோட உங்க அக்காகிட்ட சொல்றது?"

அக்கா என் பின்னால் நின்றிருந்தாள். அப்பா அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

"சட்டையை மாத்துங்க," என்றாள் அக்கா.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, டாக்டர் யாரும்..."

"சட்டையை மாத்துங்கப்பா."

அவளே அலமாரியைத் திறந்து சட்டையை எடுத்து, அவருடைய இடது கையை உயர்த்தாமல், நோயாளிக்குப் போடுவதுபோல மெதுவாக நுழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் அப்பா இறங்கும்போதே முகம் சாம்பலாகிவிட்டது. சக்கரப் படுக்கையில் படுக்கவைத்து லிஃப்ட்டுக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் மேலே போகும் பட்டனை விடாமல் குத்திக்கொண்டிருந்தேன்.

"ஒரு தடவை அமுக்கினா போதும்டி," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று இருவருக்கும் உறைத்தது.

இரண்டு இடத்தில் அடைப்பு இருந்தது. அன்றைக்கே சரிசெய்தார்கள். வெளியே வந்த டாக்டர் எங்களைவிடச் சின்னப் பெண். "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கிருந்து தொடங்குவது? கழுத்துச் சாவியிலிருந்தா?

பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எதிரில் யாரோ ஒருவர் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பழம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா வெகுநேரம் அந்த ஆளையே பார்த்தாள்.

"அப்போ அவருக்குத் தெரியாது," என்றாள்.

"தெரியாதுக்கா."

"போன்ல ஒரு கீறல் விழுந்தாலே ஊரைக் கூட்டுற ஆளு. நெஞ்சு வலின்னா சும்மா இருந்திருப்பாரா?"

"இருந்திருக்கமாட்டார்."

"நான் எவ்வளவு திட்டிட்டேன் அவரை."

அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. பழம் உரித்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அப்பாவை வார்டுக்கு மாற்றிய பிறகு அவர் முதலில் தேடியது கண்ணாடியை, அடுத்தது போனை. அக்கவுண்ட்டை என்ன செய்வது என்று அக்காவிடம் கேட்டேன். ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதுதான் முறை என்று எனக்குத் தெரியும். ஒரே சாவியை எல்லாக் கதவிலும் மாட்டிவைப்பது தப்பு. அத்தானே உட்கார்ந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

"இப்போதைக்கு இருக்கட்டும். அப்பா என்ன கேட்கிறார்னு எனக்குத் தெரியணும்," என்றாள் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வேலையை விடப்போறியா?" என்றாள்.

"இல்லக்கா. சும்மா தேடினேன்."

"அப்போ பாலை மட்டும் விடு."

அப்பாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று பார்ட்னர் வண்டியோடு வந்திருந்தார். நாலு பேரும் லிஃப்ட்டில் ஏறினோம். ஏறுவதற்கு முன் பார்ட்னர் பழக்கத்தில் வெளிக் கதவின் மேல் ஓரத்தைப் பார்த்தார், அந்த ஓட்டை இருக்கும் இடத்தை. முன்பின் தெரியாத இரண்டு பேர் ஓரமாக நின்றிருந்தார்கள். அப்பா சக்கர நாற்காலியில் மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கதவுகள் மூடுகின்றன," என்றது குரல்.

பார்ட்னர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மூடும்மா," என்றாள் அக்கா. "யார் வேணாம்னா."

அந்த இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா மாடி எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.